நான் மன்னித்த ரயர்க்காரர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். யாழ்ப்பாணப் பட்டினத்தின் தெற்கு ஓரத்தில், கடல் மணக்கும் ஒரு தெருவில், வாகனங்களுக்கு ரயர் மாற்றும் கடை ஒன்று அவருக்கு இருந்தது. கல்வித் திணைக்களத்தில் பெரிய கதிரையில் இருந்து ஓய்வுபெற்ற நான், ஒருநாள் பதினைந்து பேருக்கு முன்னால் அவரைப் பெருந்தன்மையோடு மன்னித்தேன். குற்றம் அவர் செய்ததல்ல, நான் செய்தது. இந்தச் சிறு விபரத்தை அன்று சொல்ல மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதும் பொய். இந்த வயதில் பழக்கம் விடுவது கடினம்.

அப்போதெல்லாம் அவரை 'அவன்' என்றுதான் வீட்டில் சொல்வேன். நேரில் 'நீர்'. குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு, புத்தூரில் தோட்டமும் கோயில் திருவிழா உபயமும் உள்ள குடும்பத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் போய்ப் பௌதிகவியல் படித்த நான் கொடுத்த மரியாதை அவ்வளவு. அதுவே கொஞ்சம் கூடிப்போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் வயதைப் பார்ப்பார். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் எத்தனையாவது கிழமை, அதாவது வாரம், மற்ற இரண்டும் வருடம். அது செய்யப்பட்ட காலம். நம்மவர்கள் ரயர் வாங்கும்போது விலையைப் பார்ப்பார்கள், கொம்பனிப் பெயரைப் பார்ப்பார்கள், விற்பவர் எந்த ஊர் என்றும் பார்ப்பார்கள். அந்த நாலு இலக்கத்தைப் பார்த்தவரை நான் கண்டதில்லை. இவர் வேறொன்றையும் பார்க்கமாட்டார். முழங்காலை ஊன்றி இருந்து, பெருவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தி, அது மெல்ல நிமிர்ந்து வருகிறதா என்று பார்த்து, இலக்கத்தைச் சத்தமாக வாசிப்பார். ஏதோ நோயாளியின் பெயர் கூப்பிடுவது போல இருக்கும்.

பழக்கம் ரயரோடு நிற்கவில்லை. காற்றடிக்க வந்த ஒரு அம்மாவின் கைப்பையில் இருந்து எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, "அம்மா, உது போன மாதத்தோடை முடிஞ்சுது, போடாதேங்கோ" என்றாராம். தன் மகள் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கிய நாள் விருந்தில், வந்தவர்களுக்குக் கொடுக்குமுன் ஒவ்வொரு சோடாப் போத்தலாகத் தூக்கித் திகதி பார்த்துக்கொண்டு நிற்க, அவருடைய மனைவி, "சனம் தண்ணி குடியாமல் சாகுது, நீங்கள் வயது பாருங்கோ" என்று பேசியதை அவரே எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

வியாபாரத்துக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் இருக்க முடியாது. வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர், தன் சின்ன மகனோடும் வாடகைக்கு எடுத்த பெரிய ஜீப்போடும் வந்து நாலு ரயரும் மாற்றவேண்டும் என்று நின்றபோது நானும் கடையில் இருந்தேன். இவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலும் இன்னும் ஒரு வருசம் ஓடும், போங்கோ. ஆனா பின்னாலை தொங்குதே மேலதிகச் சில்லு, அது உங்கடை மகனிலும் மூப்பு. அதை மட்டும் மாத்துங்கோ" என்று அனுப்பினார். அந்த மனிதர் அவமானப்பட்டவர் போல ஏறிப் போனார். செலவழிக்கவென்று வந்தவருக்கு அது அவமானம்தான்.

"நாலு ரயர் விக்கிறதை விட்டிட்டீரே?" என்று கேட்டேன்.

"அது சாகேல்லையே, சேர். சாகாததை என்னெண்டு கழட்டிறது?"

செத்த ரயர்களை அவர் எறிவதுமில்லை. தமையனிடம் கொடுத்துவிடுவார். அவை குருநகர்த் துறையில் வள்ளங்களின் விலாவில் தொங்கும். ஒன்றோடொன்று முட்டும்போது பலகை உடையாமல் காக்கும். "செத்த பிறகும் அதுக்கு வேலை இருக்கு. ஆனா ஆளை ஏத்துற வேலை இல்லை" என்பார்.

இனி என் காருக்கு வருகிறேன். இலண்டனில் இருக்கும் மகன் கொழும்பில் ஒருவரிடம் வாங்கித் தந்த ஜேர்மன் கார் அது. நீளம், கறுப்பு, உள்ளே தோல் ஆசனம். புத்தூரில் அப்படியான காருக்கு மூன்று வேலைகள்தாம் உண்டு: கோயில், கல்யாண வீடு, செத்தவீடு. மற்ற நாள்களில் போர்வை போர்த்துக்கொண்டு வீட்டு முன் போட்டிக்கோவுக்குள் படுத்திருக்கும். நான் காலையில் ஒருமுறை போர்வையைத் தூக்கி அது இருக்கிறதா என்று பார்ப்பேன்.

அதற்கு ஒரு குறை. நாற்பதைத் தாண்டினால் உள்ளே ஒரே இரைச்சல். "மில்லுக்கை இருக்கிற மாதிரிக் கிடக்கு. ஓட்டோ எண்டால் சத்தம் போடுமெண்டு தெரிஞ்சுதானே ஏறுறது" என்று மனைவி சொன்னாள். மனைவி சொன்னதை நான் பொறுத்துக்கொண்டேன். மகளுக்குச் சாவகச்சேரியில் சம்பந்தம் பேசி முடிந்தபின், கொழும்பில் பேரெடுத்த டாக்குத்தரான சம்பந்தி ஒருநாள் அந்தக் காரில் ஏறினார். பருத்தித்துறை வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது மிக மரியாதையாக, "உங்கடை கார் எப்பவும் இப்பிடித்தானோ?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. சத்தமில்லாத ரயர் வேண்டும். அது மலிவாகவும் இருக்கவேண்டும். மகனிடம் இன்னும் கேட்க எனக்கு வெட்கம். என் ஓய்வூதியத்தைத் தொட அதைவிட வெட்கம்.

அவருடைய கடைக்குப் போய், இரைச்சல் எப்படி உண்டாகிறது, அதிர்வெண் என்றால் என்ன, ஒலி எந்த வழியால் காருக்குள் வருகிறது என்று ஒரு கால்மணி நேரம் விளங்கப்படுத்தினேன். அவர் கையைத் துடைத்தபடி முழுவதையும் கேட்டார்.

"சேர், முடிஞ்சுதோ? அப்ப காரை எடுங்கோ."

பண்ணைப் பாலத்துப் பாதையால் ஓட்டச் சொன்னார். அவர் பின் ஆசனத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "நாற்பதிலை போங்கோ. இப்ப அறுவது. காலை எடுங்கோ, தன்பாட்டிலை ஓடட்டும்." திரும்பி வரும் வழியில் கண்ணைத் திறந்தார்.

"பின் இடதுதான் அழத் தொடங்கினது. மற்றது மூண்டும் அதோடை கூடி ஒப்பாரி வைக்குது. உது காத்துப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடுற சாதி ரயர், சேர். பக்கச் சுவர் கல்லு. றோட்டிலை கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் எண்ணி உங்களுக்குச் சொல்லும்."

"கார்க் கொம்பனி போட்டது அதுதானே?"

"கொம்பனி அவங்கடை றோட்டுக்குப் போட்டது. நீங்கள் புத்தூருக்குள்ளை ஓடுறியள்."

பிறகு கடையில் சில்லைக் கழற்றி அளந்துவிட்டு அவர் சொன்னதை இப்போதும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வேன். ஏனென்றால் அதுதான் சரியான விடை. "சில்லைச் சின்னனாக்குங்கோ, சேர். பதினெட்டு அங்குலத்தை விட்டிட்டுப் பதினாறு. உங்கடை பிரேக்குக்கு அது போகும், நான் அளந்து பாத்தனான். சில்லுச் சின்னனானால் ரயற்றை பக்கம் உயரும், மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும். விலையும் அரைவாசி. பெரிய பேர் வேண்டாம், நடுத்தரக் கொம்பனி காணும். ஆனா இளம் ரயராய் வேணும். கொழும்பிலை ஒரு இடத்திலை நாலு கிடக்கு, பத்து நாளிலை எடுக்கலாம்."

"சில்லு சின்னனாய்த் தெரியுமே?"

"வெளியாலை நிக்கிற ஆளுக்குத் தெரியும். உள்ளுக்கை இருக்கிற ஆளுக்குத் தெரியாது."

யாருக்காக இந்தக் காரை வைத்திருக்கிறேன் என்று அவர் அறியவில்லை. வெளியில் நிற்கிற ஆளுக்காகத்தான். இருந்தாலும், "சரி, கொழும்புக்குச் சொல்லிவிடும்" என்றேன். அவர் ஒரு பலகையில் வெண்கட்டியால் 'புத்தூர் சேர் – 4' என்று எழுதி வைத்தார்.

அந்தக் கிழமையே அளவெட்டியில் இருந்து மச்சான் முறையான ஒருவர் வந்தார். கனடாவில் இருக்கும் தன் தம்பியின் வீட்டுக்கு அவர்தான் காவல். அந்த வீட்டிலும் என் காரைப் போலவே ஒரு கார், அதே பதினெட்டுச் சில்லு, போர்வைக்குள்.

"அத்தான், தம்பி உந்தக் காரை விக்கப் போறான். அதின்ரை ரயரைப் பாருங்கோ, சரியான நல்ல கொம்பனி, சத்தமே இல்லாத சாதி. வருசத்துக்கு ஒருக்கால் வந்தால் நல்லூருக்கும் கீரிமலைக்கும் போனதோடை சரி. அந்தச் சின்ன ரப்பர் முள்ளுக்கூட விழேல்லை. உங்களுக்கெண்டால் சும்மா மாதிரித் தாறன். அதிலை உங்கடை பழசைப் பூட்டி விக்கலாம்."

போய்ப் பார்த்தேன். கறுகறுவென்று, பள்ளங்கள் குறையாமல், கோயில் தூண் மாதிரி இருந்தன. எங்கள் ஆட்களுக்குப் பாவிக்காதது என்றால் புதிது. பொலித்தீன் கழற்றாத சோபா புதிது. கண்ணாடி அலுமாரிக்குள் இருபது வருடமாக யாரும் குடிக்காத தேத்தண்ணிக் கோப்பைகள் புதிது. பௌதிகவியல் படித்த எனக்கு ரப்பர் காற்றிலும் வெயிலிலும் தன்பாட்டில் காய்ந்து போகும் என்று தெரியாதா? தெரியும். பரீட்சைக்கு வந்தால் எழுதியிருப்பேன்.

நாலையும் ஏற்றிக்கொண்டு அவரிடமே போனேன், பூட்டுவதற்கு. அவர் ஒன்றை உருட்டி எடுத்து, முழங்காலில் இருந்து, நகத்தை அழுத்தினார். வாசித்தார்.

"இருவத்திமூண்டு, பத்து. சேர், உதுக்குப் பதினொரு வயது."

"ஓடேல்லை, காணும்!"

"ஓடாட்டிலும் வயது போகும். ஓடாமல் ஒரே இடத்திலை நிண்டால் இன்னும் கெதியாய்ப் போகும். இஞ்சை பாருங்கோ, வளைச்சால் வெடிப்புத் தெரியுது."

"உமக்கு உம்மடை சாமானை விக்கவேணும். அதுக்கு இவ்வளவு கதை."

அவர் கோபிக்கவில்லை. "என்ரையை வாங்காதேங்கோ. வேறை எங்கையெண்டாலும் வாங்குங்கோ. உதை மட்டும் நான் பூட்டமாட்டன். மகளையெல்லோ ஏத்தப் போறியள்."

"சும்மா கல்யாண வாசலிலை நிக்கத்தான்."

"நிக்கிறதெண்டால் பழசே நிக்கும், சேர். இரையிற ரயர் நல்ல ரயர். தான் சாகப்போறதை முன்னுக்கே எல்லாருக்கும் சொல்லிப்போடும். உது ஒண்டும் சொல்லாது."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று வந்துவிட்டேன். யோசிக்கவில்லை. போகிற வழியில், வயது கேட்காத ஒரு இடத்தில், கால்மணி நேரத்தில் நாலையும் பூட்டினேன். கார் உண்மையாகவே அமைதியாக ஓடியது. சம்பந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பட்டினத்தில் ஒரு கெட்டிக்காரன் இருக்கிறான், அவனிடம் சொல்லிப் புது ரயர் போட்டுவிட்டேன் என்றேன். கெட்டிக்காரனின் பெயரையும் சொன்னேன். ஒரு நல்ல பெயரைக் காசு கொடுக்காமல் பயன்படுத்துவது அவ்வளவு சுகம்.

கல்யாணம் சாவகச்சேரி மண்டபத்தில் நன்றாக நடந்தது. மணமக்களை ஏற்றிக்கொண்டு புறப்படுமுன் நாலு ரயருக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்து நசுக்கினோம். கண்ணூறு, நாவூறு எல்லாவற்றுக்கும் பரிகாரம் ஆயிற்று. தேசிக்காய்க்கு அந்த இலக்கம் வாசிக்கத் தெரியாது. காரை வேறொருவரிடமும் கொடுக்க மனமில்லாமல் நானே ஓட்டினேன். மனைவி முன்னால் இருந்தாள். சம்பந்தி வீட்டார் பின்னால் வானில் வந்தார்கள்.

புத்தூருக்கு ஒரு மைல் முன்னால் பின் இடது ரயர் வெடித்தது. அது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அதிர்வில்லை, ஒரு இழுப்பில்லை. வெடி கேட்டபோது கார் ஏற்கெனவே என் கையில் இல்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் இறங்கி, வரம்பில் முட்டி நின்றது. மாப்பிள்ளையின் தலைப்பாகை உருண்டு போய் வாய்க்காலில் கிடந்தது. மகள் கூறைச் சேலையோடு செம்மண்ணில் நின்றாள். தோட்டக்காரர் ஓடி வந்து, எல்லோரும் உயிரோடு இருப்பதைக் கண்டு ஆறுதல் அடைந்து, "மாப்பிளை, பாத்து, வெங்காயத்தை மிதியாதேங்கோ" என்றார். அன்று நடந்த பேச்சுகளில் நேர்மையான பேச்சு அது ஒன்றுதான்.

மனைவியின் வலக்கை மணிக்கட்டு முறிந்திருந்தது.

வானில் இருந்து இறங்கி வந்த சம்பந்தி முதலில் அவளுடைய கையைச் சால்வையால் கட்டினார். பிறகு ரயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புது ரயர் எண்டு சொன்னீங்கள்?"

"ஓம்…"

"அண்டைக்குச் சொன்ன அந்தக் கடையிலைதானே போட்டனீங்கள்?"

கோடி ரூபாய்க் கேள்வி ஒன்றுமில்லை. 'இல்லை' என்று ஒரு சொல் போதும். அதைச் சொன்னால், பெற்ற மகளின் கல்யாணக் காருக்கு அளவெட்டியில் யாரோ கழற்றிய பழைய ரயரைப் பூட்டிய கஞ்சன் என்று சம்பந்தி வீட்டார் நாலு நாட்டிலும் இருந்து கதைப்பார்கள். மனைவி கட்டிய கையைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அளவெட்டியில் இருந்து ரயர் வந்து இறங்கியதை அவள் கண்டவள்.

"ஓம்" என்றேன்.

அடுத்தநாள் பின்னேரம் அவர் மோட்டார்சைக்கிளில் புத்தூருக்கு வந்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வீடு முழுக்கச் சனம். வாசலில் நின்றபடி முதலில் கேட்டது, "அம்மாக்குக் கை எப்பிடி?" என்றுதான். பிறகு, "ரயரைப் பாக்கலாமோ?" என்றார்.

பிய்ந்த ரயர் போட்டிக்கோவுக்குள் கிடந்தது. முழங்காலில் இருந்தார். தன் பெயரைக் காப்பாற்ற வந்த மனிதர் அப்போதும் பழக்கத்தை விடவில்லை. இலக்கத்தைத் தேடிப் பிடித்து எல்லோருக்கும் கேட்க வாசித்தார். "இருவத்திமூண்டு, பத்து. இது பதினொரு வருசத்து ரயர்."

அங்கே நின்றவர்களில் ஒரு டாக்குத்தர், இரண்டு பொறியியலாளர், ஒரு அதிபர், ஒரு கணக்காய்வாளர். நாலு இலக்கத்தையும் அவர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் எல்லோரும் கண்டார்கள்.

சம்பந்தி கேட்டார். "அப்ப பதினொரு வருசமெண்டு தெரிஞ்சுகொண்டுதான் பூட்டினனியோ?"

நேற்றுவரை கெட்டிக்காரனாக இருந்தவர் இன்று 'நீ' ஆகிவிட்டார். அவர் எழும்பவில்லை. முழங்காலில் இருந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"சேர் சொல்லட்டும்."

அப்போதுதான் மன்னித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, கையைக்கூட உயர்த்தினேன், பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பேசுவது போல. "சரி, நடந்தது நடந்து போச்சு. ஆரையும் குற்றம் சொல்லி என்ன? பிள்ளைகுட்டிக்காரன். நான் பொலிசுக்குப் போகப் போறேல்லை. போயிட்டு வாரும்."

என் பெருந்தன்மையைக் கண்டு சனம் உருகிப் போயிற்று. "சேர் எண்டபடியால் விட்டார்" என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. அவர் ரயரை மெல்லக் கீழே வைத்தார், அது இனி நொந்துபோகும் என்பது போல. வாசல் படலையைச் சாத்திவிட்டுப் போனார்.

அவர் ஏன் அங்கேயே எல்லாவற்றையும் சொல்லவில்லை என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள் என்பதையும் யோசித்திருக்கிறேன். இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.

சம்பந்தியின் பெறாமகன், தம்பியின் பிள்ளை ஒருவன், அந்தக் கடையின் படத்தை முகநூலில் போட்டான். தலைப்பை நான் எழுதமாட்டேன். ரொறன்ரோவில் இருந்தும் சூரிச்சில் இருந்தும் ஆட்கள் கோபப்பட்டார்கள். அவருடைய கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரரும் அவர்களின் உறவினரும். அவர்கள் வருவது நின்றது. ஒன்றரை வருடத்தில் கடை பூட்டப்பட்டு, அந்த இடத்தில் கைத்தொலைபேசி உறை விற்கும் கடை வந்தது. நான் பட்டினம் போகும்போது அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகப் பழகினேன். காருக்கு மகன் கொழும்பில் ஒருவரிடம் சொல்லிப் பெரிய கொம்பனியின் பெரிய ரயர் நாலு அனுப்பினான், போன வருடம் அவற்றையும் மாற்றி இன்னொரு நாலு. அதே பதினெட்டு, அதே இரைச்சல்.

ஐந்து வருடம் போயிற்று. மனச்சாட்சி உறுத்தித்தான் நான் அவரைத் தேடிப் போனேன் என்று எழுதினால் வடிவாக இருக்கும். நடந்தது வேறு. இந்த வருடம் ஒருநாள் காலையில் மனைவி குசினிக்குள் இருந்து கூப்பிட்டாள். பாலப்பம் சுடத் தேங்காய்ப்பால் பிழிய வேண்டும். அவளுடைய மணிக்கட்டு அதற்கு வளையாது. நான் பிழிந்துகொண்டிருக்க, அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்த ரயர்க்காரன் வந்த உடனை என்ரை கை எப்பிடியெண்டு கேட்டவன். நீங்கள் இன்னும் கேக்கேல்லை."

அப்பம் நன்றாக வந்தது. மூன்றாம் நாள் காரை எடுத்தேன்.

குருநகரில் அவருடைய வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. துறைக்குப் பக்கத்தில், பழைய ரயர்களை வெட்டி வள்ளங்களுக்குக் கட்டுகிற வேலை செய்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"வாங்கோ சேர். அம்மாடை கை எப்பிடி?"

"தேங்காய்ப்பால் பிழிய ஏலாது" என்றேன்.

"பிழையாய்ப் பொருந்தியிருக்கு" என்று தலையை ஆட்டினார்.

இரண்டு நாளாக மனதில் எழுதித் திருத்திய பேச்சை ஆரம்பித்தேன். முதற்பாதியில் என் குற்றம், நடுவில் என் சூழ்நிலை, முடிவில் மன்னிப்பு. சூழ்நிலைதான் நீண்டது. துறைக்காற்றில் அவர் முழுவதையும் கேட்டார்.

"சேர், முடிஞ்சுதோ?"

"ஓம்."

"அப்ப இஞ்சாலை வாங்கோ."

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். உள்ளே பொலித்தீன் சுற்றிய நாலு ரயர், ஒன்றின்மேல் ஒன்றாக. மேலே சாத்தி வைத்த பலகையில் வெண்கட்டி எழுத்து மங்கிக் கிடந்தது: 'புத்தூர் சேர் – 4'.

"நீங்கள் வேண்டாமெண்டு சொல்லேல்லையே. யோசிச்சுச் சொல்லுறன் எண்டியள். அதுக்கிடையிலை கொழும்பாலை வந்திட்டுது. உந்த அளவு இஞ்சை வேறை ஒருத்தற்றை காருக்கும் போகாது."

எனக்கு ஒரு பிடி கிடைத்தது போல இருந்தது. வாழ்நாள் முழுக்க எதையும் இப்படித்தான் தீர்த்திருக்கிறேன். "இப்ப எடுக்கிறன். நாலையும் எடுக்கிறன். இண்டைய விலை என்னவோ அதுக்கு மேலாலை தாறன். சின்னச் சில்லும் வாங்கிப் பூட்டுவம்" என்றேன்.

அவர் பொலித்தீனை ஒரு மூலையில் கிழித்து, குனிந்து, நகத்தை அழுத்தினார். இலக்கத்தை வாசித்தார்.

"ஆறாம் வருசம் நடக்குது. கடல் காத்து, தகரச் சூடு. இனி உது ஆளேத்த உதவாது, சேர். நான் தரமாட்டன்."

"பாவிக்கேல்லையே" என்று வாயில் வந்தது. நல்லகாலம், அதோடு நின்றது.

நான் நின்ற நிலையைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "தமையன் புது வள்ளம் இறக்கிறார். அதுக்குக் கட்டலாம்" என்றார்.

எல்லோருக்கும் தெரிய உண்மையை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், உங்கள் பெயரைச் சுத்தப்படுத்தி எழுதுகிறேன் என்று சொன்னேன். 'நீர்' என்பது எப்போது 'நீங்கள்' ஆனது என்று எனக்கே தெரியவில்லை. அவர் கத்தியை எடுத்துப் பழைய ரயரை மறுபடி வெட்டத் தொடங்கினார்.

"என்ரை பேரை விடுங்கோ. அது முந்தியே நாலு நாட்டிலை கிடக்கு. உங்கடை பேரைப் போடுங்கோ."

அதனால்தான் இதில் அவருடைய பெயர் இல்லை. என் முழுப்பெயர், ஊர், வகித்த பதவி மூன்றையும் இதோடு போடச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன். அனுப்புமுன் சம்பந்திக்குத் தொலைபேசியில் முழுவதையும் வாசித்தேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தார். மகளுக்கும் வாசித்தேன். "தெரியும், அப்பா" என்றாள்.

அன்று நான் புறப்பட்டபோது அவர் கார்வரை வந்தார். சொல்லாமலே சுற்றி நடந்து நாலு சில்லையும் பார்த்தார். ஒவ்வொன்றாக இலக்கத்தை வாசித்து, வயதில் பிழையில்லை என்றார். பின் இடது பக்கத்தில் முழங்காலில் இருந்தார்.

"காத்துக் கூடிக் கிடக்கு, சேர். அதுதான் இன்னும் இரையுது. இருங்கோ."

நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருந்தேன். அவர் விரலால் அழுத்திக் காற்றை இறக்கினார். சீறிக்கொண்டு போயிற்று. போதும் என்று அவருக்குத் தெரியும்வரை அழுத்தினார். பிறகு மூடியை இறுக்கி, கதவைச் சாத்தி, கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இப்ப போங்கோ. மெல்லமாய்ப் போங்கோ."